மூடுபனியின் மேல் ஒரு கோடு

பதினைந்து வருடமாகப் பிள்ளையார்பாளையத்தில், வீட்டிலேயே உட்கார்ந்து பட்டுச்சேலைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் நான்தான் கெட்டிக்காரியாக இருப்பேன் என்று நினைத்தேன். துணைக்கு வந்தவள் என் ஓர்ப்படி, கொழுந்தனாரின் மனைவி. பள்ளிக்கூடத்தை விட்டபின் அவள் பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை.

ஏற்காட்டு மலையின் போட்டோவைப் பார்த்து எல்லோரும் வாட்டர்கலரில் வரைந்தோம். நான் அங்கே இரண்டு முறை போனவள். ஒரு பாறையை, ஒரு மரத்தை விடவில்லை. அவள் எந்த மலையும் ஏறியவள் அல்ல. அவள் தாளில் பாதி மலைதான் இருந்தது. மீதியை மூடுபனி விழுங்கியிருந்தது.

சார் என் படத்தைப் பார்த்து, "கரெக்டா இருக்குதுமா" என்றார். அவள் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "யாரோ உள்ள போய்ட்டு திரும்பி வராத மாதிரி இருக்குது."

அவள் தலை குனிந்தாள். "அப்பாவ நெனச்சிக்கினே போட்டேன் சார்."

எனக்கு வயிறு எரிந்தது. என் அப்பாவும்தான் போய்விட்டார். என் மலையில் அவர் எங்கே?

சார் நகர்ந்ததும் அவள் கேட்டாள்: "இன்னும் என்னாக்கா பண்ணணும்?"

"மலையே தெரியலமா. ஓரத்துல கறுப்பா கோடு போடு."

உடனே போட்டாள். கோடு நீள நீள, மலை அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல விறைத்து நின்றது. பாதியில் அவள் கையைப் பிடித்துவிட்டேன். அதற்குள் கெட்டுப்போயிருந்தது.

"நல்லா இல்லியாக்கா?"

"நல்லாதான் இருக்குது."

அடுத்த வாரம் சார் பதறிப்போய், "யாருமா இதப் போடச் சொன்னது?" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நானேதான் சார்."

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டியை நான் ஓட்டினேன், அவள் பின்னால். முகம் பார்க்க வேண்டியிராத தைரியத்தில் சொன்னேன்: "பொறாமைலதான் அப்படி சொன்னேன்மா."

"யாரு மேல?"

"உம்மேலதான்."

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். "எம்மேலயா! போக்கா." வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தப் படம் எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சுக்கா" என்றாள்.

அதே மலையை மறுபடி மூன்று தாளில் வரைந்தாள். முதல் படம் அளவுக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் மூன்றுமே என்னுடையதைவிட நன்றாக இருந்தன. இப்போது அவள் கேட்டால், "தொடாத, அப்படியே விடு" என்கிறேன். அதைச் சொல்லும்போதும் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.