நாலு கோட்டையும் மகேஸ் அக்காவின்ரை தம்பியும்

ரிக்கெற் வித்துப் பிழைக்கிற என்ரை இனசனங்களே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: எங்கட ஆக்களுக்கு ஆள் பார்க்க ரிக்கெற் விக்கலாம், ஊர் பார்க்க விக்கிறது பெரும்பாடு. தொண்ணூறுகளில ரொறன்ரோ மோர்னிங்சைட்டில ஒரு பிளாசாவின்ரை மேல்மாடியில, குலம் அண்ணையின்ரை ட்ராவல்ஸில நான் நாலு வருஷம் மாரடிச்சனான். அதில ஐஞ்சு நாள் கதை இது.

அங்கை ஆர் இருக்கினம்?

ஒருநாள் குலம் அண்ணைக்கு ஞானம் பிறந்திட்டுது. கொழும்புக்கும் சென்னைக்கும் ரிக்கெற் போட்டது காணும், இனி வெள்ளைக்காரர் மாதிரி ஊர் பார்க்க ரூர் கொண்டுபோவம் எண்டார். ஜேர்மனியில ஹைடல்பேர்க் எண்ட பழைய பட்டினமும் சுத்துவட்டாரமும், ஐஞ்சு நாள். நோட்டீஸை ரைப் பண்ணினது நான்தான். கோட்டை, கல்லுப் பாலம், ஆறு எண்டு படமெல்லாம் நல்ல வடிவு.

சனம் வந்துது, பார்த்துது, போச்சுது. லண்டனெண்டால் மச்சாள் இருக்கிறா, பாரிஸெண்டால் சித்தப்பா இருக்கிறார், ஹைடல்பேர்க்கில ஆர்? ஒஷாவாவில இருந்து சிவம் அங்கிள் வந்தார். ஊரில ஸ்ரேஷன் மாஸ்ரரா இருந்தவர். அவருக்குக் கோட்டையைப் பற்றிக் கால்மணித்தியாலம் தொண்டை தண்ணி வத்த விளங்கப்படுத்தினன். மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரி பிள்ளை, ஆளில்லாத ஊரில போய் ஆரைப் பார்க்கிறது?"

ஒரே ஒரு ஆள்

மகேஸ் அக்கா மட்டும் கோட்டையைப் பார்க்கேல்லை. நோட்டீஸின்ரை மூலையில இருந்த வரைபடத்தில விரலை வைச்சு, "உந்த ஆறு இன்னும் மேல போகுதோ?" எண்டு கேட்டா. பிஸ்கற் ஃபாக்ரறியில வேலை செய்யிற மனுசி. அவவின்ரை ஒரே தம்பி ரவி அந்த ஆத்தங்கரையில ஏதோ ஒரு சின்ன ஊரில அகதியா இருக்கிறான். பார்த்து ஒன்பது வருஷம். அவனுக்குக் கேஸ் முடியேல்லை, அந்த மாவட்டத்தைத் தாண்டப் பேர்மிஷன் வேணும். இவவுக்கும் இன்னும் கனடாச் சிற்றிசன் கிடைக்கேல்லை. குலம் அண்ணை தான் பொறுப்பெண்டு கடிதம் குடுத்தபடியால்தான் விசாவே வந்தது. கடைசி நாள் காலமை பேர்மிஷன் எடுத்துக்கொண்டு ரவி ஹோட்டலுக்கு வாறதெண்டு ஏற்பாடு.

பிறகு எப்பிடியோ இழுத்துப் பறிச்சுப் பதின்மூண்டு பேர் சேர்ந்தினம், சிவம் அங்கிளும் உள்பட. கூட்டிக்கொண்டு போறது நான். "பதின்மூண்டு போகுது, பதின்மூண்டும் திரும்பி வரோணும், ஒருத்தரையும் தனிய விடாதையும்" எண்டு குலம் அண்ணை ஒரு கிழமையா என்ரை காதைத் திண்டார். ஒராள் குறைஞ்சாலும் எனக்கு வேலையில்லை. மகேஸ் அக்கா என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குக் கோட்டை வேண்டாம் பிள்ளை, அவன்ரை முகத்தை ஒருக்காக் காட்டிவிட்டால் காணும்."

தூள்

ஃபிராங்ஃபேர்ட் விமான நிலையத்தில மகேஸ் அக்காவின்ரை பெட்டியைத் திறந்தாங்கள். மேல ஒரு சேலை, கீழ முழுக்கக் கறித்தூள். "வாட் இஸ் திஸ்?" எண்டான் ஒரு ஒஃபீசர். நான் வாய் திறக்க முந்தி மகேஸ் அக்கா பெருமையாச் சொன்னா, "பவுடர். வெரி ஸ்ரோங். ஃபோர் மை பிரதர்." பவுடரெண்டால் அவங்களுக்குப் போதைத்தூள். நாயைக் கொண்டுவந்தாங்கள். அது மூக்கை உள்ளுக்க விட்டுது, விட்ட வேகத்தில எடுத்துது, பிறகு வரிசையா ஏழு தும்மல். ஒஃபீசர்மார் சிரிச்ச சிரிப்பில ஒருத்தனுக்குத் தொப்பி விழுந்திட்டுது. பெட்டியை மூடித் தந்தாங்கள். மகேஸ் அக்கா நாயைப் பார்த்துத் தலையாட்டினா: "பாத்தியே பிள்ளை, நான் வறுத்த பதம் உதுக்கும் விளங்கீற்றுது."

உடைஞ்ச கோட்டை

ஹைடல்பேர்க் கோட்டை பாதி இடிஞ்சது. அதுதான் அதின்ரை வடிவெண்டு உலகம் முழுக்க வந்து படம் எடுக்குது. எங்கட ஆக்கள் அண்ணாந்து பார்த்தினம். ஒருத்தரும் படம் எடுக்கேல்லை. நான் ரோஷத்தோட, முந்நூறு வருஷமா இப்பிடியே வைச்சிருக்கினம், இதைப் பார்க்க இவ்வளவு சனம் காசு குடுத்து வருகுது எண்டு விளக்கம் குடுத்தன். சிவம் அங்கிள் சொன்னார்: "அப்ப குண்டு போட்ட எங்கட ஸ்ரேஷனையும் ஒருத்தரும் திருத்தாமல் விட்டால் நல்லது பிள்ளை, முந்நூறு வருஷத்தால இவங்கள் ரிக்கெற் போட்டு வருவாங்கள்."

பாண்

கடைசி நாள் காலமைச் சாப்பாட்டில மகேஸ் அக்காவுக்கு ஃபோன். பேசிப்போட்டு வந்து இருந்து, பாணுக்குப் பட்டர் பூசினா. ஒரு பக்கம் பூசி, திருப்பி மற்றப் பக்கமும் பூசினா. "பேர்மிஷன் குடுக்கேல்லையாம்" எண்டா. பின்னேரம் எங்களுக்குப் பிளேன். எனக்கு வந்த விசருக்கு அந்தப் பேர்மிஷன் கந்தோரைத் தேடிப்போய் ரெண்டு கேள்வி கேக்கவேணும் போல கிடந்தது. என்ன பாஷையில கேக்கிறது?

கோவத்தில நோட்டீஸை எடுத்து விசிறினன். விசிறேக்க கண்ணில பட்டுது: பத்து மணிக்குப் படகு, ஆத்தில மேல போய், நாலு கோட்டை இருக்கிற ஒரு சின்ன ஊரில கால்மணித்தியாலம் நிண்டு திரும்பும். அந்த ஊரின்ரை பேர், மகேஸ் அக்கா தூள் பாசலில ரவியின்ரை விலாசமா எழுதி ஒட்டியிருந்த அதே பேர். கோதாரி, ரைப் பண்ணினவள் நான், எனக்கே தெரியாது. ஓடிப்போய் ஃபோன் எடுத்து, படகுத்துறைக்கு வரச்சொல்லி ரவியிட்டைச் சொல்லிப்போட்டு வந்து விஷயத்தைச் சொன்னன். மகேஸ் அக்கா எழும்பினா: "உந்தப் பாணை நீ தின் பிள்ளை, நான் போய்த் தலை சீவி இழுக்கோணும்."

வலப்பக்கம்

அண்டைக்கு அந்தப் படகில ஒருத்தரும் ஒரு கோட்டையும் பார்க்கேல்லை. பதின்மூண்டு பேரும் துறை வாற இடப்பக்கக் கம்பியில தொங்கிக்கொண்டு கரையில கறுப்புத் தலை தேடினம். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனுசனுக்குப் பதின்மூண்டு பேரும் கை காட்ட, அந்தாள் பயந்துபோய்த் தானும் காட்டினார். படகு ஒரு பக்கம் சரிஞ்சுது. ஒலிபெருக்கியில விளக்கம் சொன்ன பெட்டை மூண்டாந்தரம் அழாக்குறையா, வலப்பக்கம் பாருங்கோ எண்டு கெஞ்சினாள்.

கடைசியில துறை வந்தது. மகேஸ் அக்கா தேடினது மீசை அரும்பின பதினாறு வயசுப் பெடியனை. அங்கை நிண்டது முன்நெத்தி வழுக்கையா ஒரு ஆம்பிளை, கையில ஒரு பூங்கொத்து. "ஆர் உந்த மொட்டை?" எண்டு கேட்டவ, அடுத்த நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டா: "எங்கட அப்பு மாதிரியே நிக்கிறான்."

போட்டு வாறன்

கால்மணித்தியாலம் எண்டால் கண்ணை மூடித் திறக்கிற நேரம். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுததில பாதி போச்சுது. தூளைக் குடுத்ததில மீதி. படகுக்காரன் கயித்தை அவிட்டிட்டான். மகேஸ் அக்கா தம்பியின்ரை ஜக்கெற்றைப் பிடிச்சபடி, "போட்டு வாறன் தம்பி, போட்டு வாறன்" எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னா. என்ன சொல்லுறா எண்டு படகுக்காரன் என்னட்டைக் கேட்டான். நான் சொல்லுக்குச் சொல் இங்கிலிஷில சொன்னன்: "ஐ கோ அண்ட் கம்."

அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். "ஹவ் லோங்?" எண்டான். அப்பதான் எனக்கு விளங்கினது. விடைபெறேக்க "போறன்" எண்டு எங்கட வாயில வராது எண்டு அவனுக்கு எங்கை தெரியும்? மனுசி ஊருக்குள்ள எங்கையோ போட்டு வரப்போறா எண்டு நினைச்சிட்டான். நான் பொய் சொல்லேல்லை, கடவுள் சத்தியமா சொல்லேல்லை. "ருவென்ரி மினிற்ஸ்" எண்டு மட்டும் சொன்னன். அவன் கயித்தைத் திருப்பிக் கட்டினான்.

பிறகென்ன, மிச்சப் பன்னிரண்டு பேரும் இறங்கீச்சினம். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், என்ன சமையல் எண்டு ரவியைக் குடைஞ்சு எடுத்திச்சினம். சிவம் அங்கிள் ஏழு நிமிஷத்தில அவனுக்குச் சொந்தமும் கண்டுபிடிச்சிட்டார். எனக்குச் சந்தோசத்தில கால் நிலத்தில நிக்கேல்லை, ஆனால் இருபதாவது நிமிஷம் மணிக்கூட்டைப் பார்த்தன். மகேஸ் அக்கா ஏறுவாவோ? ஏறாட்டில் நான் என்ன செய்யிறது? அவ தம்பியின்ரை வழுக்கையை ஒருக்காத் தடவிப்போட்டு, தானே வந்து ஏறினா. பதின்மூண்டு. கயித்தை அவிழ்த்துக்கொண்டு படகுக்காரன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஆனால் அவ ஒரு இடமும் போகேல்லையே?"

எந்தக் கோட்டை?

ரொறன்ரோ வந்து இறங்கினதும் குலம் அண்ணை ஆக்களை எண்ணினார், ரெண்டுதரம். பிறகு எல்லாரிட்டையும் ஒரு படிவம் நிரப்பி வாங்கினார். பயணத்தில பார்த்ததுகளில ஆகப் பிடிச்சது எது எண்டு ஒரு கேள்வி. சிவம் அங்கிள் தொடக்கம் பன்னிரண்டு பேரும் ஒரே பதில்: ரவி. மகேஸ் அக்கா மட்டும் "படகுக்காரன்" எண்டு எழுதியிருந்தா. குலம் அண்ணை படிவங்களைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தார், நோட்டீஸை எடுத்து ஒவ்வொரு படமாத் தேடினார், கடைசியில என்னைக் கூப்பிட்டார்: "பிள்ளை, உந்த ரவி எண்டது நாலில எந்தக் கோட்டை?"

இப்பவும் ஆரும் வந்து ஐரோப்பாவில பார்க்க என்ன இருக்கெண்டு கேட்டால், கோட்டைக்கு முன்னால ஆர் நிக்கினமெண்டு ஃபோன் எடுத்து விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன் எண்டுதான் நான் சொல்லுறது.