கோயில் வாசலில் என் பிஸ்டல்

சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போட்டிகளில் சுடும் காற்றுத் துப்பாக்கிதான் அது, பத்து மீற்றர் தூரத்தில் கடதாசி இலக்கை ஈயக் குண்டால் துளைக்க மட்டுமே உதவும் என்று எத்தனையோ தடவை விளக்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கட ஆக்களிட பையில இது இருந்தா, விளையாட்டுச் சாமான் எண்டு ஆர் நம்புறது?"

யுத்த காலத்தில், தமிழர் என்பதால் சோதனைச் சாவடிகளிலேயே இளமையைக் கழித்தவர். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் துப்பாக்கி சுடும் கிளப்பில் எல்லோரும் மாறி மாறிப் பிடிக்கும் பிஸ்டலோடு நான் எவ்வளவு காலம் மல்லுக்கட்டுவது? அதன் பிடி என் கைக்குப் பெரிது. அணித் தெரிவுப் போட்டியும் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கப்பல் முகவர் அலுவலகச் சம்பளத்தில் புதிய ஜெர்மன் பிஸ்டல் கனவிலும் வராது. என் கைக்கு எட்டிய விலையில் புதிதாக ஒன்று பளபளவென்று இருந்தது. கிட்டத்தட்ட மயங்கிவிட்டேன். ஆனால் விசையை இழுத்தால் கரகரத்தது. அப்போதுதான் கிளப்பை விட்டு விலகும் தெஹிவளை அக்கா ஒருவர் தன்னுடையதை விற்பதாகச் சொன்னார். பழைய ஜெர்மன் மாதிரி. ஒவ்வொரு முறையும் பக்கத்திலுள்ள கம்பியை இழுத்துக் காற்றை அடைக்க வேண்டும். பூச்செல்லாம் உரிந்து அவலட்சணமாக இருந்தது. கிளப்பில் வைத்து ஐந்து முறை சுட்டுப் பார்த்தேன். ஐந்து ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மரப்பிடியை என் கைக்கு அளவாகச் சீவுவித்தேன். அனுமதிப் பத்திரம் என் பெயருக்கு மாறிய அன்று பஸ்ஸில் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் புதுச் சாமான் எதையும் சுவாமியார் ஆசீர்வதிக்காமல் பாவிப்பதில்லை. மோட்டார் சைக்கிள், பிரிட்ஜ், தம்பியின் லப்டொப் எல்லாமே தீர்த்தம் பட்டவைதான். அதனால் போட்டிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை அம்மா கோயிலுக்கு நவநாள் பூசைக்குப் புறப்பட்டபோது, அவருக்குச் சொல்லாமல் பிஸ்டல் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன். தேவாலயக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வாசலில் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார்கள் என்பது சோதனை மேசைக்குக் கிட்ட வந்த பிறகுதான் உறைத்தது. சந்தோஷம் புத்தியை மறைத்துவிட்டது.

பொலிஸ்காரி பெட்டியைத் திறந்தாள். அவள் கை அப்படியே நின்றது. பின்னால் நின்ற சனம் விலகியது. நான் அனுமதிப் பத்திரத்தை நீட்டினேன். நன்றாகத் தெரிந்த சிங்களத்தை விட்டுவிட்டுத் தமிழில் உளறினேன். பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் போ, விசாரிக்க ஒரு கிழமையாவது ஆகும் என்றாள். சனிக்கிழமை போட்டி. எனக்கு அழுகை முட்டியது.

அம்மா என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். எனக்குத்தான் ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"மகே துவ," என்றார் பொலிஸ்காரியிடம். என் மகள். "செனசுராதா மெச் எக்கக் தியெனவா."

சனிக்கிழமை போட்டி இருக்கிறதாம். அதோடு விடவில்லை. பத்து மீற்றர், கடதாசி இலக்கு, ஈயக் குண்டு என்று ஒன்றுவிடாமல் சிங்களத்தில் அடுக்கினார். காதிலேயே வாங்கவில்லை என்று நான் நினைத்திருந்தது எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. பொலிஸ்காரி பத்திரத்தை இரண்டு தடவை வாசித்தாள், மேலதிகாரியுடன் போனில் கதைத்தாள், பிறகு பெட்டியை மூடினாள். கொண்டுபோகலாம், ஆனால் கோயிலுக்குள் வேண்டாம், யாராவது ஒருவர் வெளியே வைத்துக்கொண்டு நிற்கட்டும் என்றாள்.

வீட்டுக்கே போவோம் என்றேன் நான்.

"நீ போய்க் கும்பிட்டுட்டு வா. நான் இதோட நிக்கிறன்."

படியேறியபின் திரும்பிப் பார்த்தேன். பெட்டியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மா அந்த மேசையருகே நின்றார். மரப்பிடியை என் கைக்கு அளவாகச் சீவிய விதத்தைப் பொலிஸ்காரிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.