டெல்மரின் மணல்குழி

எங்கள் மணல்குன்றுகளில் ஒருவர் பண்ணையில் குழி விழுந்தால் அதைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே பேசமாட்டோம். மாடு அளவுக்கு மீறி மேய்ந்து புல் செத்தால், காற்று மணலைத் தோண்டிக் குழியாக்கிவிடும். அந்த ஆளுக்குப் பண்ணை நடத்தத் தெரியவில்லை என்று அர்த்தம். முதுகுக்குப் பின்னால் தாராளமாகப் பேசுவோம். நெப்ராஸ்காவின் இந்தத் தடத்தில் இருபது வருஷமாகத் தபால் கொண்டுபோகிறேன். அந்தப் பேச்சில் பாதி என் வழியாகத்தான் போயிருக்கும்.

டெல்மர் ஹோலப்பின் குழிக்குள் எங்கள் தேவாலயத்தையே இறக்கிவைக்கலாம். அதில்தான் என் பள்ளித் தோழி மெர்னா, பல்கலைக்கழகத் தாவர ஆய்வாளர், பதினோரு கோடை மண்டியிட்டுக் கிடந்தாள். வெறும் மணலில் மட்டும் முளைக்கிற ஒரு நீலப்பூச் செடிக்காக. பக்கத்தில் புல் வந்தால் அது செத்துப்போகும். நல்ல பண்ணைக்காரர்கள் பழைய டயரும் சாணியும் போட்டுக் குழிகளை மூடி மூடியே அதைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள். மெர்னாவின் அப்பாவும் அந்த நல்லவர்களில் ஒருவர். எங்கள் வட்டாரத்தில் மிஞ்சியது டெல்மர் குழியில் நாற்பத்தேழு செடி. ஒவ்வொன்றின் அருகிலும் எண் போட்ட தகடு நட்டிருந்தாள்.

இதையெல்லாம் கட்டுரைகளில் எழுதினாள், மாநாடுகளில் பேசினாள், எனக்கும் சொன்னாள். டெல்மரிடம் மட்டும் மழை, கன்றுக்குட்டி, அவ்வளவுதான். அவர் குழியைப் பற்றி அவரிடமே எப்படிப் பேசுவது? பண்ணைக்காரர் மகளின் வளர்ப்பு அப்படி.

போன ஜூனில் அந்த இடத்தைப் பாதுகாக்கலாமா என்று முடிவு செய்ய மாநிலத் தலைநகர் லிங்கனிலிருந்து இரண்டு அதிகாரிகள் வருவதாக இருந்தது. மெர்னா ஏப்ரலிலேயே டெல்மருக்குப் போன் செய்து, எதுவும் செய்யவேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்றாள். வரப்போகிற விருந்தாளி எல்லோரும் சொல்வதுதான். அதைக் கேட்டுச் சும்மா இருந்த வீட்டுக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மே மாதம் முழுக்க அவர் டிராக்டரில் பழைய டயர் ஏற்றிப் போனதைப் பார்த்தேன். கடைசியில் மனுஷனுக்கு வெட்கம் வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். பூ என் நினைவுக்கே வரவில்லை. அதற்கு இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

அதிகாரிகள் வந்த அன்று நானும் போனேன். அதற்காகவே டெல்மருக்கு வந்த ஒரு பதிவுத் தபாலை இரண்டு நாள் பிடித்துவைத்திருந்தேன். டெல்மர் இஸ்திரி போட்ட சட்டையில் எல்லோரையும் மேட்டுக்குக் கூட்டிப்போனார். குழியைக் காணோம். டயர், அதன்மேல் சாணி, காய்ந்த புல். அதற்குள் பசுமையும் தலைகாட்டியிருந்தது.

அவர் ஒரு காப்பி டப்பாவை மெர்னாவிடம் நீட்டினார். "உங்க தகடு, நாப்பத்தேழும் இருக்கு. பூ என்ன, இனிமே நல்ல மண்ணுல இன்னும் நல்லாவே வரும்."

அதிகாரிகள் தாளில் சுழியம் எழுதிக்கொண்டு புறப்பட்டார்கள். மெர்னா தகடுகளை எண்ணி முடித்தபிறகு அந்தச் செடிக்கு என்ன வேண்டும் என்பதை முதல் தடவையாக டெல்மரிடம் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

"முப்பது வருஷமா ஊரே சிரிச்ச குழி அது, டாக்டரம்மா. அது நல்ல குழின்னு சொன்னா என் மனசு கஷ்டப்படுமா?"

மெர்னா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் டயரைப் பிடித்து இழுத்தாள்.