கேட்காத மன்னிப்பு

தமிழ் நாடகங்களுக்கு மலாயில் சப்டைட்டில் எழுதுவது என் வேலை. கூலாயில் எங்கள் வீட்டு மாடியறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு எபிசோட் முடியும். கோலாலம்பூர் கம்பெனியிலிருந்து கோப்பு வரும், முடித்து அனுப்புவேன். அங்கே என் மலாயைச் சரிபார்க்கும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. எழுத்துப்பிழை இருக்கிறதா, வரி திரையில் அடங்குகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

போன வருடம் வந்த தொடர் ஒரு நாவலைத் தழுவியது. கல்லூரிக் காலத்திலேயே அதை நான் இரண்டு முறை படித்திருந்தேன். ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்குக் குடிவந்த குடும்பம். மூன்று பிள்ளைகளின் தாய், கணவனிடம் சொல்லாமலே ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்துவிடுகிறாள். இரண்டாவது வாரம் அவனுக்குத் தெரியவருகிறது. "யாரக் கேட்டுப் போன?" என்கிறான். அவள் மீன் அரிந்துகொண்டே சொல்வாள்: "உங்களக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல." சண்டைக்காகச் சொல்வதில்லை. யோசித்துப் பார்த்தபோது தனக்கே அது ஆச்சரியமாக இருந்ததுபோலச் சொல்வாள்.

அந்தக் காட்சி எப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தது. நடிகை கத்தியைக் கீழே வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றாள்.

மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன். பிறகு, மலாயில் எப்படி வரும் என்று பார்க்கும் ஆசையில் நாவலின் வரியை அந்த இடத்தில் அடித்துப் பார்த்தேன். 'தக் தெர்லிந்தாஸ்' என்று வந்தது. அந்த எண்ணம் மனத்தின் குறுக்கே கடந்துகூடப் போகவில்லை என்று பொருள். தமிழைவிடப் பொருத்தமாக இருந்ததுபோல் பட்டது. அழித்துவிட வேண்டும் என்று தெரியும். அழிக்காமலே அனுப்பினேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்கார அக்கா இருக்கிறார். பள்ளி கேண்டீனில் சமைக்கிறார். ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் மாலை ஏழு மணித் தமிழ் நாடகத்தைத் தவறவிட மாட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் என் மாமியாரும் அதே நாடகத்தைத்தான் பார்ப்பார். மறுநாள் துணி காயப்போடும்போது வேலியோரம் இருவரும் அதைப் பற்றிப் பேசுவார்கள், மலாயில்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான மறுநாள் நான் சமையலறையில் இருந்தேன்.

"பாவம், தலையக் குனிஞ்சுகிட்டு மன்னிப்புக் கேட்டா" என்றார் அத்தை.

"மன்னிப்பா? எங்க கேட்டா? உன்னக் கேக்கணும்னு தோணவே இல்லன்னு சொன்னாளே. நான் கை தட்டினேன்" என்றார் அக்கா.

"நான் காதால கேட்டேன் லா."

"நான் கண்ணால படிச்சேன்."

"தமிழ் உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

என் வேலை தெரியுமே தவிர, இந்தத் தொடருக்கு சப்டைட்டில் எழுதுவது நான்தான் என்று இருவருக்கும் தெரியாது. அரிசியைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்புதான் வந்தது. ஒரே நாடகத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஒரு வீட்டிலும் இன்னொருத்தி பக்கத்து வீட்டிலும் இருப்பதுபோல.

நான்கு நாள் கழித்து அடுத்த கோப்புகள் வந்தன. கணவனின் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். "என்னக் கேக்காம வேலைக்குப் போயிட்டு, அப்புறம் அழுது மன்னிப்புக் கேட்டா" என்று அவன் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிக்கிறான். தேநீர்த் தட்டோடு வந்த அவள் நிற்கிறாள். "அன்னிக்கு மன்னிப்புக் கேட்டேன்ல? அதத் திருப்பி எடுத்துக்கிறேன்" என்கிறாள்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். இது நாவலில் இல்லை. திரைக்கதை எழுதியவர் இந்த இடத்துக்காகத்தான் முதலில் அவளைத் தலைகுனிய வைத்திருக்கிறார். நான் அவசரப்பட்டு அதைக் கெடுத்துவிட்டேன். சப்டைட்டிலில் படிப்பவர்களைப் பொறுத்தவரை அவள் மன்னிப்பே கேட்கவில்லை. கேட்காத மன்னிப்பை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்ள முடியும்?

அன்றுதான் எபிசோடின் கடைசியில் ஓடும் பெயர்களை நிறுத்திப் படித்தேன். திரைக்கதை எழுதியவர் ஒரு பெண். நாவலை எழுதியவர் ஆண். அது எனக்கு எப்போதும் தெரிந்ததுதான், நினைத்துப் பார்த்ததில்லை.

கம்பெனியில் வேலை கொடுப்பவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"நாவலப் படிச்சிருந்தேன்."

"அவங்க பேசறதத்தான் நாம எழுதணும்."

மறுஒளிபரப்பில் திருத்திவிடுவதாகச் சொன்னார். அன்றிலிருந்து என் வேலையைத் தமிழ் தெரிந்த ஒருவரும் பார்க்கிறார். அது நியாயம்தான்.

பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. வேலியருகே நின்று சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ நீ சொன்னதா அது? அவ சொல்லலையா?" என்றார். அத்தை ஜெயித்த சந்தோஷத்தில், "நான்தான் சொன்னேனே" என்றார்.

திருப்பி எடுத்துக்கொள்ளும் எபிசோட் அன்று அக்கா எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். இந்த முறை நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. காட்சி முடிந்து விளம்பரம் வந்தது.

"இதுதான் கஷ்டம். அத்தன பேரு முன்னால" என்றார் அக்கா.

"எது கஷ்டம்னு எனக்குத் தெரியல. நானும் வீட்டுக்காரர்கிட்ட அனுமதி கேட்டேன், பெக்கான் நானாஸ்ல அன்னாசி டின் கம்பெனிக்கு வேலைக்குப் போறதுக்கு" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "உங்க மாமா சரின்னுதான் சொன்னாரு. வேணாம்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு நான் யோசிச்சதே இல்லம்மா. இப்பதான் யோசிக்கிறேன்" என்றார். அக்காவுக்கு அதை மலாயில் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

நாடகம் முடிந்ததும் இருவருக்கும் அந்தப் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. மலாய் மொழிபெயர்ப்பு கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் வாய்விட்டு மலாயில் சொல்லி வருகிறேன். நான் எதையும் மாற்றாமல் இருக்கிறேனா என்று பார்க்க, அத்தை மூக்குக் கண்ணாடியோடு பக்கத்திலேயே உட்கார்ந்து புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொள்வார். வரிக்கு வரி கேள்வி வருவதால் மெதுவாகத்தான் நகர்கிறது.

போன வாரம், அவள் முதல் நாள் தொழிற்சாலை பஸ் ஏறும் இடத்தில் அக்கா நிறுத்தச் சொன்னார்.

"கடைசிப் பிள்ளைக்கு ரெண்டு வயசுன்னு சொன்ன. இவ வேலைக்குப் போனா அத யாரு பாத்துக்கறது?"

முன்னும் பின்னும் புரட்டினேன். அத்தை புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, அடுத்த அத்தியாயம் முழுக்க விரல் வைத்துத் தேடினார். எங்கும் எழுதியிருக்கவில்லை.