போலந்துக்காரருக்கு ஆட்டிய தலை

எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் ஒருவர் ஏதாவது கேட்டால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டோம். தலையாட்டிவிடுவோம். கேட்டது காதில் விழுந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டால் கேட்டவரும் புரிந்துகொண்டு வேறு ஆளைப் பார்ப்பார். சித்தூரிலிருந்து வரதய்யபாளையம் வரைக்கும் இதற்காக யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை. போலந்திலிருந்து வந்தவருக்கு இது எப்படித் தெரியும்?

வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நான் அலுவலக உதவியாளன். புது மெஷின்களைப் பொருத்திக் கொடுக்க அவர் ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நாங்கள் எல்லோரும் அவரைத் துரை என்போம். கேன்டீனில் என் எதிரில்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் அவர் ஊர் பாஸ்கெட்பால் கிளப்பின் கதையைத் தொடங்கிவிடுவார். எனக்கோ அந்த ஆட்டத்தில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. சாம்பார் ஆறிப்போகிறதே என்ற கவலைதான்.

யுத்தம் முடிந்த பிறகு ரயில்பெட்டி செய்யும் தொழிலாளிகள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் அது. முதல் அரங்கத்தின் கூரை ஒழுகுமாம். ஆட்டக்காரர்கள் தரையில் வைத்த வாளிகளைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்களாம். அப்படி ஓடியே ஒரு வருடம் நாட்டின் கோப்பையை ஜெயித்தார்கள். பிறகு ஆட்சி மாறியது, தொழிற்சாலையை மூடினார்கள். யார் யாரோ கம்பெனிக்காரர்கள் வந்து கிளப்புக்குத் தங்கள் பெயரை வைத்தார்கள், கைவிட்டுப் போனார்கள். ஒரு வருடம் கிளப்பே இல்லாமல் போனது. ஊர்க்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கடைசிப் பிரிவிலிருந்து மறுபடி ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்கள். இதையெல்லாம் அவர் சொல்லும்போது குரல் கம்மும். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பேன்.

கோப்பை ஜெயித்த ஐந்து பேரில் உயிரோடு இருந்தவர் அவருடைய அப்பா ஒருவர்தான். ஏழாம் எண் சட்டைக்காரர். இப்போது சக்கர நாற்காலி, ஞாபகமும் போய்விட்டது. ஆனால் மகன் குரலில் அந்தக் கடைசி ஆட்டத்தின் கதை காதில் விழுந்தால் முகம் தெளிந்துவிடுமாம், மீதிக் கதையை அவரே சொல்வாராம். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில் அவரை நடுவில் அழைத்து மரியாதை செய்யப்போகிறார்கள். துரை இங்கிருந்து வீடியோவில் அந்தக் கதையைச் சொல்லவேண்டும். அவர் தங்கியிருந்த இடத்தில் நெட் ஒழுங்காக வராது. கம்பெனி மீட்டிங் ரூமில் நன்றாக வரும். அதன் சாவி என்னிடம்.

"ஞாயிறு சாயங்காலம் நான்கு மணி. வந்து திறந்து தருவாயா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தலையாட்டினேன்.

அந்த ஞாயிறு நான் திருப்பதியில் இருந்தேன். கங்கம்மா ஜாத்திரை. ஆண்கள் புடவை கட்டி வேஷம் போடும் நாள். நானும் நண்பன் வீட்டில் மஞ்சள் புடவை, வளையல், உதட்டுச்சாயம் எல்லாம் போட்டுக்கொண்டு தெருவில் ஆடிக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகிய போன் ஐந்து முறை அடித்தது.

"யார்ரா?" என்றான் நண்பன்.

"எங்க துரை."

"எடுக்காத, உட்றா. லீவு நாள்லகூட வேல சொல்லிக்கினு."

எடுக்கவில்லை. எதற்காகக் கூப்பிடுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வாட்ச்மேன் சொன்னார், துரை கேட்டுக்கு வெளியே வெயிலில் ஒரு மணி நேரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அவர் என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்றுதான் கேட்டார். பள்ளிக்கூடத்தில் லீவுக்காக ஒரே தாத்தாவை மூன்று முறை சாகடித்தவன் நான். பழகிய வாய் சும்மா இருக்குமா?

"பெரியம்மா இறந்துட்டாங்க சார். என்னை வளர்த்தவங்க."

வளர்த்தது மட்டும் உண்மை. அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் கனத்தில் கூசிப்போனேன்.

அடுத்த ஞாயிறு காலை கம்பெனி கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. துரை, கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் எட்டு வெள்ளைப் பூக்களோடு. துக்கத்துக்கு இரட்டைப்படையில் பூக் கொடுப்பது அவர்கள் ஊர் வழக்கமாம். கதவைத் திறந்ததே பெரியம்மாதான்.

"யார்ரா இது, கல்யாண மாப்ள மாரி வந்துகிறாரு?"

"எங்க ஆபீஸ் துரை, பெரிம்மா."

அவரிடம், "இறந்தவங்களோட தங்கச்சி" என்றேன். துரை குனிந்து பெரியம்மாவின் கையில் முத்தம் வைத்துப் பூக்களைக் கொடுத்தார். பெரியம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளுடைய சாவுக்கு வந்த பூவை அவளே சொம்பில் தண்ணீர் பிடித்து வைத்தாள்.

அரங்கத்தில் என்ன நடந்தது என்று துரை அப்போதுதான் சொன்னார். திரையில் அவர் முகம் அசையாமல் நின்றுவிட்டதாம், குரலே வரவில்லையாம். அப்பா சுற்றிலும் பார்த்து, இவர்களெல்லாம் யார், என்னை வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று அழுதாராம். "ஆட்டம் ஆட்டம்தான், முதலில் துக்க வீட்டுக்குப் போய் வா என்று என் அம்மா சொன்னார்" என்றார்.

"என்னாடா சொல்றாரு?"

"அவங்க நைனாவுக்கு ஒடம்பு செரியில்லயாம்."

"அய்யோ பாவம். கங்கம்மாவுக்கு வேண்டிக்கிறேன்னு சொல்லு. மொதல்ல துன்ன சொல்லு."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அன்றைக்கு மூன்று தோசை கிடைத்தது. அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றேன்.

துரை ஊருக்குப் போன பிறகு, சென்ற மாதம், ஒரு லிங்க் அனுப்பினார். கிளப்பின் முழு வரலாற்றையும் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். போனிலேயே மொழிமாற்றிப் படித்தேன். ஒழுகும் கூரை, வாளிகள், கோப்பை, மூடிய தொழிற்சாலை எல்லாம் இருந்தன. கேன்டீனில் காது கொடுக்காத கதையை முதல் முறையாகக் கவனமாகப் படித்தேன்.

கடைசிப் பக்கத்தில், மேல்பிரிவுக்குத் திரும்பி வந்த ஆட்டத்தைப் பற்றி இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன், இந்தியாவில் நம் ஊர்க்காரருக்கு உதவிய நண்பர் ஒருவரின் வளர்ப்புத்தாய் மறைவுக்காக அரங்கம் முழுவதும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றது என்று எழுதியிருந்தார்கள். ஏழாம் எண் ஆட்டக்காரர் தம் நாற்காலியிலிருந்து தாமாகவே எழுந்து நின்றார், அதுவே அவர் அரங்கத்துக்கு வந்த கடைசி நாள்.

திருத்தச் சொல்லி எழுத உட்கார்ந்தேன். என்னவென்று எழுதுவது? உள்ளேயிருந்து பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம் போனையே பாத்துக்கினு இருப்ப? சோறு ஆறுது, எழுந்து வா."

எழுந்து போனேன். அவள் பரிமாறும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.