நூற்றாண்டு விழா நாளில் ஓடிய பஸ்

பள்ளத்தாக்கில் முதல் பஸ் ஓடி நூறு வருடம் ஆனதைக் கொண்டாட, மன்னரின் பிரதிநிதியான அம்மையார் ஒருவர் லான்வெரின் என்ற ஊருக்கு வந்த வியாழக்கிழமை, அங்கே பஸ் ஓட்டியது மெனா ப்ரொபர்ட் ஒருத்திதான்.

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. "அன்னைக்கு ஒருத்தர் காலை வண்டிய எடுத்தாகணும்" என்று டிப்போ பொறுப்பாளர் டெலித் சொல்லி வாய் மூடுவதற்குள், "நான் எடுக்கிறேன்" என்றாள் மெனா.

"நீயா? இங்க நீதான் எல்லாருக்கும் மூத்தவ. அந்த அம்மா கை குலுக்க வர்றப்போ நீ முன்னால நிக்க வேண்டாமா?"

"என் கை எப்பவும் சில்லுனு இருக்கும். பாவம், அந்தம்மா நடுங்கிடப் போறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் போனது. இன்னொரு தடவை வற்புறுத்துவார்கள் என்று மெனா உள்ளுக்குள் காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை.

அழைப்பு இரண்டு பேருக்கு என்று அச்சடித்திருந்தது. கணவன் ஹெவின் இறந்த பிறகு இப்படிப்பட்ட இடங்களுக்கு அவள் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். கையில் காகிதத் தட்டோடு சுவரோரம் நின்று, யாராவது பக்கத்தில் வருவார்களா என்று பார்ப்பதும், வந்தால் என்ன பேசுவது என்று விழிப்பதும்தான் மிச்சம். மகன் ஆக்லாந்தில். அவன் எழுந்திருக்கும் நேரம் இவள் படுக்கப் போகும் நேரம்.

வண்டியில் அவளுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. யாருடைய முழங்கால் வலிக்கிறது, யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக் கதவைத் திறந்தால், மறுநாள் காலை வரை குரலுக்கு வேலையில்லை. சில நாள் தன் காரிலிருந்து இறங்கும்போது, "பார்த்து இறங்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

விழா நாளன்று தூறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்து, நேரம் ஆகும்வரை காத்திருந்து மூடினாள். ஒருவரும் இல்லை. எல்லோரையும் விழாக் குழு ஏற்பாடு செய்த வண்டிகள் விடியற்காலையிலேயே அள்ளிக்கொண்டு போயிருந்தன.

மலைக்கு ஏறும் ஒற்றைப் பாதையில், வளைவு திரும்பியதும், எதிரே கறுப்புக் கார்கள் வரிசையாக நின்றன. மலை மேலுள்ள பண்ணை ஒன்றில் தங்கியிருந்த அம்மையார் விழாவுக்கு இறங்கி வருகிறார். மோட்டார் சைக்கிள் போலீஸ்காரன் இறங்கி வந்தான். வெளியூர்ப் பையன்.

"கொஞ்சம் பின்னால எடுங்கம்மா."

"உங்களுக்குப் பின்னாலதான் பக்கத்துலயே ஒதுங்க இடம் இருக்கு, தம்பி. நான் ஒதுங்கணும்னா ரொம்ப தூரம் பின்னால போகணும்."

அவன் எட்டி உள்ளே பார்த்தான். "வண்டிதான் காலியா இருக்கே?"

கல் சுவருக்கும் வேலிக்கும் நடுவே, கண்ணாடியைப் பார்த்தபடி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தாள். கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் காலி இருக்கைகள். ஒரு வயல் வாசலில் ஒதுங்கினாள். கார்கள் கடந்தன. மூன்றாவது காரிலிருந்து வெள்ளைக் கையுறை அணிந்த கை ஒன்று அசைந்தது. மெனாவும் கையைத் தூக்கினாள். அதற்குள் கார் போய்விட்டது.

மலை உச்சியின் கடைசி நிறுத்தத்தில் ஈவோர் கிழவர் நனைந்துகொண்டு நின்றார். வியாழன் தவறாமல் மீன் வாங்கப் போகிறவர்.

"இன்னைக்கு நீ வரமாட்டேன்னு நெனச்சேன் பொண்ணே."

"வழியில பெரிய மனுஷங்க மறிச்சிட்டாங்க மாமா. நீங்க விழாவுக்குப் போகலையா?"

"சின்ன வயசுல அந்த மாதிரிப் பழைய பஸ்ல போனவன் நான். கண்ணாடிச் சந்துல காத்து அறையும், பல்லு தந்தியடிக்கும். அதுக்கு ஒரு விழாவாம்."

ஊர்ப் பாலத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். அப்பால் பேண்டு வாத்தியம் கேட்டது. எஞ்சினை அணைத்தாள். ஈவோர் பையிலிருந்து வெண்ணெய் தடவிய திராட்சை ரொட்டியை எடுத்து, பாதியைப் பிட்டு நீட்டினார். இருவரும் கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"சாயங்காலத்துல என்ன பண்ணுவே?"

"டிவிதான். அந்த வினாடி வினா."

"நானுந்தான். பதிலச் சத்தமாச் சொல்லுவேன். தப்பாத்தான் சொல்லுவேன். தப்புன்னு சொல்ல ஆளில்ல."

நானும் அப்படித்தான் சத்தமாகச் சொல்கிறேன் என்று மெனா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தடுப்பை விலக்கி, வரச்சொல்லிக் கையசைத்தார்கள்.

மாலையில் டிப்போவில் டெலித் காகிதத்தில் சுற்றிய கேக் துண்டு ஒன்றைக் கொடுத்தாள். "போட்டோ எடுக்கிறப்போ உன்னத் தேடினோம் மெனா."

"யாரு தேடினது?"

டெலித் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வியாழனிலிருந்து ஈவோர் பின்னால் உட்காரவில்லை. ஓட்டுநருக்குப் பின் இருக்கைதான். கோடை முழுக்க நேற்றைய கேள்விகளில் யார் அதிகம் தப்பாகச் சொன்னது என்று ஊர் வந்து சேரும்வரை வாதாடினார்கள். குளிர்காலம் தொடங்கியதும் ஸ்வான்சியிலிருந்து மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை, திடீரென்று. மெனாவிடம் சொல்லச் சொல்லி டெலித்துக்குத்தான் போன் செய்திருந்தார்.

இப்போது மலை உச்சியில் ஏற ஆளில்லை. ஆனாலும் பஸ்ஸைத் திருப்ப அதற்குக் கீழே எங்கும் இடம் கிடையாது. மெனா தினமும் அங்கே வரை போய்த்தான் திரும்புகிறாள்.