உயர்நிலை மாணவன்

ஐம்பது வயதில், ஏரிகள் பற்றிய தொலைநிலைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். தேறிவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தேன். பாடம் நடத்தியது கணினியில் இருந்த செயற்கை நுண்ணறிவு. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வியைக் கடினமாக்கும்.

கோடையில் கடலோடு சேரும் முகத்துவாரம் அடைபட்டால் ஏரி என்ன ஆகும் என்று கேட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பினேன். ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில் கையாலேயே இறால் பிடித்து வளர்ந்த என் மனைவி, "தண்ணில உப்பு ஏறிடும்யா. இதுக்கு இன்னா யோசனை?" என்றாள்.

இப்படியே அவள் சொன்ன பத்துப் பதில்களையும் தட்டினேன். என்னை உயர்நிலைக்கு ஏற்றிவிட்டது. அங்கே எல்லாம் சூத்திரங்கள், அவளும் கைவிரித்தாள். சொந்த மூளையால் மூன்று பதில்கள் தந்தேன்.

"களைப்பாக இருக்கிறீர்கள் போலும், ஓய்வெடுத்து வாருங்கள்" என்றது.

"நான்கூட உன்ன இவ்ளோ நம்புனதில்லய்யா" என்றாள் மனைவி.

மறுநாள், அவள் சந்தைக்குப் போன பிறகு, முதல் பாடத்திலிருந்து தொடங்கினேன்.